அறுந்து போகாத பெல்ட்

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காருக்கு ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கும் பொறுப்பு என்னுடையது. கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது. பானெட்டைத் திறக்கச் சொல்லி, கைக்கு எட்டிய எல்லாவற்றின் மேலும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிடுவேன். உள்ளே ஒட்டியிருந்த ஒரு வெள்ளை ஸ்டிக்கர் எனக்கு ரொம்ப வசதி. பொட்டு அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, கொள்ளேகாலுக்கு அப்பால் கௌதள்ளி கிராமத்தில் இருந்த சித்திக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளைப் பிரசவத்துக்கு மைசூருக்கு அழைத்துவர அம்மா கிளம்பினாள். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும்தான். வண்டியை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லி மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தாள்.

"டைமிங் பெல்ட்டு எப்பங்க்கா மாத்துனீங்க?" என்று அவர் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மாற்றிய தேதியை எழுதி ஒட்டியிருப்பார்கள் என்று அவர் காட்டிய இடத்தில் என் பொட்டுகள் அடையாக அப்பிக்கிடந்தன. அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். குங்குமத்தோடு எழுத்தும் வந்துவிட்டது. நான் மெல்ல அவள் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரே குஷி. "கிலோமீட்டர் கம்மியாத்தானேம்மா ஓடிருக்கு? ஜம்முனு ஓடுற வண்டிய சும்னே எதுக்குப் பிரிக்கணும்?"

"ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகுமுங்க சார். சொல்லிட்டெல்லாம் அறாது. அறுந்துச்சுன்னா இன்ஜினே போயி நடு ரோட்டுல நின்னுரும்" என்றார் மெக்கானிக்.

"மாத்திடுங்க" என்றாள் அம்மா. நாளைக்கு வருகிறேன் என்று சித்திக்கு போன் செய்தாள்.

இன்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் நான் எட்டிப் பார்த்தேன். என் ஸ்கூல் பெல்ட் அகலம்கூட இல்லாத, பல் வைத்த ரப்பர்ப் பட்டை ஒன்று மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஓட்டம் கெட்டுவிடுமாம். அம்மாடி! இதை நம்பியா இத்தனை நாள் சாமுண்டி மலை ஏறி இறங்கினோம்? கோயிலில்கூட நான் அவ்வளவு பயபக்தியாக நின்றதில்லை.

கழற்றிய பெல்ட்டை மெக்கானிக் மடக்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "இன்னும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்று தலையைச் சொறிந்தார்.

"நான் அப்பவே சொல்லல?" என்று மாமா சிரித்தார்.

அம்மா தோற்றுவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்தது. அவளுக்காக ஒரு வார்த்தை பேசாமல் நின்ற அப்பாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் பழைய பெல்ட்டை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அம்மாவோ இன்ஜினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் சித்தி பின் சீட்டில் சாய்ந்தபடி வந்து சேர்ந்தாள். அந்த வாரமே தம்பி பிறந்தான். சித்திக்கு அதுதான் முதல் குழந்தை என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

அது இரண்டாவது. நான் கல்லூரிக்குப் போன பிறகு சித்தியே சொன்னாள். முதல் பிரசவத்துக்கு வரும்போது வாடகை ஜீப் கொள்ளேகால் தாண்டி நின்றுவிட்டதாம். குழந்தை வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டது. அதைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வேறு வண்டி வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருந்தவள் அம்மா.