இடுப்பில் கட்டிய கார்ச் சாவி

அந்த வருஷம் ஆனி மாதத்திலேயே சாரல் கட்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை காலையில், குற்றாலத்து ஐந்தருவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த முதலாளியின் காரிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டகமும் புது அங்கவஸ்திரமும் காணாமல் போயின. கரண்டகம் என்றால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொள்ளும் சின்ன டப்பி. அவருக்கு மாமனார் வீட்டுச் சீராக வந்தது. கார்க் கண்ணாடி உடையவில்லை, கதவில் கீறல் இல்லை, சாவி முதலாளியிடமே இருந்தது. காரின் டிரைவர் என் அக்காவின் கணவர்.

நான் அப்போதுதான் பள்ளி இறுதித் தேர்வில் பாஸாகியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் யாருமில்லை. அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுவிட்டு இலஞ்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா வீடு என்று நான் சொன்னாலும், அது முதலாளி தன் தென்னந்தோப்பை ஒட்டி டிரைவருக்காகக் கட்டிவிட்ட ஓட்டு வீடு. காரை விட்டு இறங்கச் சொன்னால் வீட்டை விட்டும் இறங்க வேண்டியதுதான். அக்காவுக்கு நிறைமாதம்.

முதலாளிக்குச் சீசன் முழுக்கச் சனிக்கிழமை அருவிக் குளியல் தவறாது. நானும் கூடப் போவேன். எண்ணெய்க் கிண்ணத்தையும் சீயக்காய் டப்பாவையும் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. சட்டை, கைக்கடிகாரம், வெற்றிலைப் பெட்டி எல்லாவற்றையும் காருக்குள்ளேயே வைத்துவிடுவார். மூன்று கதவுகளை உள்ளிருந்தே பூட்டிவிட்டு, முன்கதவு ஒன்றை மட்டும் வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டுகிற பழைய சீமைக் கார் அது. வண்டி நின்றதும் அத்தானிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார். தானே பூட்டுவார். பூட்டி, சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். அதை யாரிடமும் கொடுத்துவிட்டுக் குளித்து நான் பார்த்ததில்லை.

காணாமல் போன அன்று ஈரத் துண்டோடு நின்றுகொண்டே விசாரணையைத் தொடங்கினார்.

"பூட்டுன கதவு. சாவி இன்னா என் இடுப்புல கெடக்கு. அப்பம் தொறந்தது யாரு?"

"நான் அங்கன டீ குடிக்கப் போயிருந்தேன் மொதலாளி. போகையில கதவ இழுத்துப் பாத்தேன். பூட்டித்தான் இருந்துச்சு," என்றார் அத்தான்.

"பூட்டுனது நான். நீ எதுக்குலே இழுத்துப் பாக்கணும்?"

எனக்கு யோசிக்க யோசிக்க, அத்தான் அதை இழுத்துப் பார்க்காமல் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றுதான் பட்டது.

அங்கேயே கதவைப் பல தடவை பூட்டி இழுத்துப் பார்த்தபோது சில சமயம் பூட்டு பிடித்தது. சில சமயம் பூட்டிய பிறகும் திறந்துகொண்டது. பூட்டை மாற்றிவிடுவது என்று முதலாளி தீர்மானித்தார். அதிலும் அவருக்குப் பயம் இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, நீ படிச்சவன். தென்காசிப் பட்டறையில கண்ண எடுக்காம உக்காந்து பாரு. அசல் சாமானக் கழத்திட்டு ஓட்டச் சாமானப் போட்டுருவானுவ. கழத்துன பூட்டையும் கையோட கொண்டு வந்துரு." பிறகு குரலை இறக்கினார். "உங்க அத்தான் மேலயும் ஒரு கண்ணு இருக்கட்டும்."

பட்டறை தென்காசியில் பஸ் போகிற ரோட்டுமேலேயே இருந்தது. மெக்கானிக் செங்கோட்டைக்காரர், பேச்சுக்குப் பேச்சு கிண்டல் செய்கிறவர். அதே கம்பெனிக் கார் ஒன்று கொல்லத்துப் பக்கம் மரத்தில் மோதி நொறுங்கியதில் கிடைத்த கைப்பிடி ஒன்று அவரிடம் இருந்தது. அந்தக் கம்பெனிக் காரில் பூட்டு தனியாக இல்லை, கைப்பிடிக்குள்ளேயே இருந்தது. சாவியைத் திருகினால் உள்ளே ஒரு பித்தளை முள் எழுந்து கைப்பிடியைத் திரும்பவிடாமல் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

மெக்கானிக் கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார். கையை உள்ளே விட்டு மரைகளைத் தளர்த்திப் பழைய கைப்பிடியை உருவினார். நான் கைப்பெட்டியில் கொண்டுபோயிருந்த கவராயத்தை எடுத்து, அதன் முனையால் அந்தக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி கீறினேன். மாட்டப் போகும் கைப்பிடியையும் வாங்கி அதிலும் ஒன்று கீறினேன்.

"தம்பி எதுக்கு வந்ததுலேர்ந்து என் கையவே பாக்காரு? ரேகை பாப்பாரோ?" என்று மெக்கானிக் அத்தானைக் கேட்டார்.

"படிச்ச பிள்ள. எல்லாத்தையும் பாப்பான்," என்றார் அத்தான். சிரிக்கவில்லை.

புதுக் கைப்பிடி சுத்தமாகப் பிடித்தது. பத்துத் தடவைக்கு மேல் பூட்டித் திறந்து பார்த்தேன். அதற்கு ஒரே ஒரு சாவிதான் இருந்தது. நான் பழைய பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது அத்தானும் மெக்கானிக்கும் பட்டறைக்குப் பின்னால் போய் ஏதோ தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் எழுந்து போனதும் பேச்சு நின்றது. "என்ன அத்தான்?" என்றேன். "ஒண்ணுமில்ல மாப்ள, வா போவோம்," என்றார். இலஞ்சி வந்து சேரும்வரை அந்த 'ஒண்ணுமில்ல' என்னைக் குடைந்தது. முதலாளியிடம் இதைச் சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

ஆடி பாதியில் கதவு மறுபடியும் கைவிட்டது. முதலாளி குளித்துவிட்டு வந்தார். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்ப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கக் கைப்பிடியைப் பிடித்துப் பலமாக இழுத்தார். கதவு திறந்துகொண்டது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

"ஒண்ணும் போகல," என்றார், ஒவ்வொரு பொருளாகத் தொட்டுப் பார்த்துவிட்டு. "எடுக்கதுக்குள்ள நான் வந்துட்டேன்."

பொருள் போனபோது அத்தான்மேல் இருந்ததைவிட, போகாதபோது சந்தேகம் கூடிப்போனது. பூட்டு புதுசு. பூட்டில் கோளாறு இல்லையென்றால் கோளாறு ஆளிடம்தான். பட்டறையில் இருந்தபோது அச்சு எடுத்துக் கள்ளச்சாவி அடித்திருக்கிறார்கள் என்பது முதலாளியின் முடிவு. திங்கட்கிழமை தானே பட்டறைக்கு வருவதாகச் சொன்னார்.

"கள்ளச்சாவின்னு தெரிஞ்சுதுன்னா, அன்னைக்கே வீட்டக் காலி பண்ணிரணும். இப்பமே சொல்லிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா பித்தளைப் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்தாள். குனிய முடியாமல் உட்கார்ந்தபடியே கட்டினாள். கட்டிவிட்டு அத்தானைப் பார்த்து, "நீங்க எடுக்கலதான?" என்று கேட்டாள்.

"ஏட்டி, நீயுமா?"

"கேக்கேன். கேக்கப்பிடாதா?"

"அன்னைக்குப் பட்டறைக்குப் பின்னால என்ன பேசினீங்க?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

அத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சுரண்டையில லாரி ஓட்ட ஆள் வேணுமான்னு விசாரிக்கச் சொன்னேன். இங்கன இனி ரொம்ப நாள் ஓடாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. இவ இந்த நெலமையில இருக்கையில எதுக்குச் சொல்லணும்னு விட்டேன்." பிறகு வாசலில் போய் நின்றுகொண்டார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் திங்கட்கிழமை வரட்டும் என்றும் இருந்தது.

பட்டறையில் முதலாளிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் அதைக் காரின் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். மெக்கானிக் கைப்பிடியைக் கழற்றியதும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். நான் கீறிய குறி அப்படியே இருந்தது.

"அப்பம் சாமான் மாறல," என்றார் முதலாளி. "சாவிதான்."

மெக்கானிக் சாவி நுழைகிற பித்தளைக் குழலை வெளியே எடுத்துத் தாளில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. ஊசியால் கிண்டினார். பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு பசை சுருண்டு வந்தது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மெழுகு. பாத்தியாலே? மெழுகுல அச்சு எடுத்திருக்கான்."

"மெழுகுக்கு இந்த நெறம் வராதே அண்ணாச்சி," என்றார் மெக்கானிக்.

"அப்பம் சோப்பு. ஏதோ ஒண்ணு. பூட்டுக்குள்ள தானா மொளைக்குமா?"

மெக்கானிக் ஊசியோடு அப்படியே நின்றார். சந்தேகம் தன் பக்கமும் திரும்புகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளை வாங்கினேன். விரலால் தேய்த்தபோது உள்ளே பொடியாக நறநறத்தது. முகர்ந்து பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் நான் தூக்கிச் சுமக்கிற வாசனைதான்.

"மொதலாளி, இது நல்லெண்ணெயும் சீயக்காயும்," என்றேன்.

"பூட்டுக்கு எவம்லே எண்ண தேச்சுக் குளிப்பாட்டுனான்?"

அத்தான் சுவரிலிருந்து திரும்பினார். "சாவியக் கொஞ்சம் குடுங்க மொதலாளி," என்றார். குரலில் மரியாதை குறையவில்லை.

முதலாளி பழக்கத்தில் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனார். வேட்டியைத் தளர்த்தி, அரைஞாண் கயிற்று முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். பாதி அவிழ்க்கும்போது கை நின்றது. பிறகு மெதுவாக அவிழ்த்துக் கொடுத்தார். சாவியின் பள்ளங்களில் அதே பழுப்புப் பசை அடைந்துபோயிருந்தது. மெக்கானிக் ஊசியால் சுரண்டித் தாளில் வைத்தார். இரண்டும் ஒன்றுதான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டதும் முதலாளிக்குக் காரின் நினைப்பு வந்துவிடும். அந்த எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து, சாவியை இன்னொரு தரம் போட்டுத் திருகிப் பார்த்துவிட்டுப் போவார். சீயக்காய் தேய்த்து அருவியில் நிற்கும்போது சாவியும் இடுப்பில் கூடவே குளிக்கும். குளித்து வந்து ஈரத்தோடு அதே சாவியைப் பூட்டில் விடுவார். முள்ளைத் தூக்குகிற சுருள்கம்பியில் வாராவாரம் அது போய் ஒட்டியிருக்கிறது. முள் பாதி எழுந்து நிற்கும். மெதுவாக இழுத்தால் பூட்டியதுபோல் இருக்கும், பலமாக இழுத்தால் விட்டுவிடும். இதையெல்லாம் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரே விரலை முகர்ந்து பார்த்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்பம் கரண்டகம்?" என்றார்.

"பூட்டு பிடிக்கலன்னா போற வாற எவனும் இழுத்துத் தொறக்கலாம் அண்ணாச்சி. கொரங்குகூடத் தொறக்கலாம்."

"வெத்தல போடுத கொரங்கா?"

"குத்தாலத்துக் கொரங்குல்லா," என்றார் மெக்கானிக்.

முதலாளி சிரித்துவிடுவார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சுருள்கம்பியை மாற்றி, குழலை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டும்வரை மெக்கானிக்கின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது இலஞ்சி எல்லையில் பின்சீட்டிலிருந்து, "சனிக்கெழம வெள்ளன வண்டிய எடுக்கணும்," என்றார். வேலை போகவில்லை என்பதை அப்படித்தான் சொன்னார். அத்தான் உடனே தலையாட்டவில்லை. காரை ஓரமாக நிறுத்தினார்.

"ஒரு விண்ணப்பம் மொதலாளி. நீங்க குளிக்கையில நான் வண்டிப் பக்கம் நிக்க மாட்டேன். உங்க கூடவே வாரேன். உங்க கண்ணுக்கு முன்னாலயே நிக்கேன். பொறவு என்ன போனாலும் என்னக் கேக்கப்பிடாது."

அதில் ஏதாவது சூது இருக்குமோ என்றுகூட முதலாளி யோசித்திருப்பார். கடைசியில், "சரி, வா," என்றார்.

வீட்டுக்கு வந்து அத்தான் சாக்கை அவிழ்க்கச் சொன்னார். அக்கா சமைக்க வேண்டிய பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டியே வைத்திருந்தாள். பிள்ளை பிறந்த பிறகுதான் அதையும் அவிழ்த்தாள்.

அந்தச் சீசனின் மிச்சச் சனிக்கிழமைகளில் அத்தான் முதலாளிக்குப் பக்கத்திலேயே தலைக்கு எண்ணெய் வைத்து, ஒரு கை தூரத்தில் நின்று அருவியில் குளித்தார். முதலாளி சாவியை ஒரு பல்பொடி டப்பாவில் போட்டு மூடி, அதை இடுப்பில் கட்டிக்கொண்டார். காரைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். நான் கதவைத் தொடாமல், அதிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கைகளும் வெளியே தெரியும்படி நின்றேன். அருவியில் அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முதலாளி மட்டும் கொட்டுகிற தண்ணீரிலிருந்து தலையை வெளியே நீட்டி நீட்டி என்னைப் பார்த்தார்.