மூளையைப் படம் பிடிக்கத் திருச்சிக்குப் போன நாள்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் மனைவி பூங்கொடியை அழைத்துக்கொண்டு பெரம்பலூரிலிருந்து திருச்சிக்கு மூளை ஸ்கேன் எடுக்கப் போனேன். இந்த வலைப்பூவில் இதுவரை மலை, அருவி, கோயில் என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். ஸ்கேன் எடுக்கப் போனதையெல்லாம் பயணக் கட்டுரையாக எழுதுவார்களா என்று கேட்பீர்கள். போவதற்கு முன் இணையத்தில் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். எந்த பஸ், எவ்வளவு நேரம், எதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். வேறு காரணமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது பதினான்கு மாதம். நான் பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பூங்கொடிக்குச் செந்துறை. புரட்டாசியில் ஒரு நாள் துணி துவைக்கும் கல்லருகே விழுந்து கிடந்தாள். அடுத்த வாரம் இன்னொரு முறை. இரண்டு தடவையும் நான் கடையில் இருந்தேன். வெறும் வயிற்றில் தலை சுற்றியது என்றாள். என் அம்மா நம்பவில்லை. "என்ன சீக்குன்னு தெரியாம வூட்டுல வச்சுக்க முடியாதுடா. அவங்கம்மாகிட்ட கொண்டுபோய் வுட்டுட்டு வா" என்று தினமும் ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பூங்கொடியைப் பிடிக்கும். ஒன்றும் இல்லை என்று பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் இருந்தால் அம்மாவின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். அவள் என் வீட்டில் இருப்பதா வேண்டாமா என்பது அந்தக் காகிதத்தில் இருந்தது.

உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, திருச்சி தில்லைநகரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். முன்பதிவுக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண் மூன்று விஷயம் சொன்னார். முதல் நாள் தலைக்குக் குளிக்க வேண்டும், ஆனால் துளி எண்ணெய் கூடாது. விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்துவிட வேண்டும். பஸ்ஸில் தூங்கக் கூடாது. தூக்கம் குறைந்த மூளைதான் தன் குறையைச் சீக்கிரம் காட்டுமாம். எண்ணெய் வைக்காத தலையோடு வாசல் இறங்குவதைப் பார்த்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரம்பலூர் பஸ் நிலையத்தில் ஐந்து நாற்பதுக்கு பஸ். ஆளுக்கு இருபது ரூபாய். தூரம் அறுபது கிலோமீட்டருக்குள். நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் பாடாலூர் தாண்டும்வரை குலுக்கிக்கொண்டே போனது. அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பூங்கொடி கண்ணை மூடும்போதெல்லாம் வண்டியே தூக்கிப் போட்டு எழுப்பிவிட்டது. ஏழு இருபதுக்கு மத்திய பஸ் நிலையம். ஆட்டோக்காரர் ஏறியதுமே, "தலைக்கா, முதுகுக்கா சார்? அதுக்கேத்த ஆஸ்பத்திரியில விடணும்ல" என்றார். தலைக்கு என்றேன். முப்பது ரூபாய் வாங்கினார். பேரம் பேசினால் இருபத்தைந்துக்கு வருவார்கள்.

முதலில் இ.இ.ஜி. நானூறு ரூபாய். மூளைக்குள் ஓடும் சின்னச் சின்ன மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே அளப்பது இது. வலி கிடையாது, ஷாக் அடிக்காது. கட்டிலில் படுக்கவைத்து, தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து, பசை தடவி, இருபதுக்கு மேல் ஒயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, மூச்சை இழுத்து இழுத்து விடு என்றார்கள். முகத்துக்கு நேரே ஒரு விளக்கை வேகமாக மின்னவிட்டார்கள். அரைமணி நேரம். கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் வரிசையாக நடுங்கிக்கொண்டே ஓடின. எனக்குப் பார்க்க ஆசையாக இருந்தது. என் மனைவி என்ன நினைக்கிறாள் என்பதும் அதில் எங்கேயோ இருக்கும் என்று தோன்றியது. இருக்காதாம், கேட்டுப் பார்த்துவிட்டேன். வெளியே வந்தபோது அவள் முடி முழுக்கப் பசை. ஒரு பழைய துண்டு கொண்டுபோங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. அதே தெருவில் வேறு கட்டடம். ஐயாயிரம் ரூபாய். இது மூளையின் அமைப்பை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது. உள்ளே இருப்பது பெரிய காந்தம் என்பதால் ஒரு படிவம் நிரப்பச் சொல்கிறார்கள். உடம்பில் கம்பி, தகடு உண்டா, ஆபரேஷன் நடந்ததா, வலிப்பு வந்தது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று நானே எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். அவளிடம் கேட்கவில்லை. அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்.

உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலிக்கொடியில் மட்டும் நான்கு ஊக்குகள் மாட்டியிருந்தாள். நம் பெண்கள் எல்லாரும் செய்வதுதான், அவசரத்துக்கு உதவும் என்று. அங்கே வேலை பார்த்த அக்கா சிரித்துக்கொண்டே, "மாசத்துக்கு ஒரு டப்பா ஊக்கு சேருதும்மா எங்ககிட்ட" என்றார். தாலியைக் கழற்ற மனம் வராதவர்களுக்காக அவர்களே மஞ்சள் கயிறு வைத்திருக்கிறார்கள். பூங்கொடி அதைக் கட்டிக்கொண்டு, கொடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். மெட்டி, கொலுசு, தோடு எல்லாம் வந்தன. பிறகு திரைக்குப் பின்னால் உடை மாற்றப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது.

"அக்கா, அத மட்டும் வுட்டுடுங்கக்கா. கையில இறுக்கிப் புடிச்சுக்கறேன்."

"இரும்பும்மா. காந்தம் பிச்சுக்கிட்டுப் போயிடும். ஒம்மேலயே பாயும். அவுத்துக் குடு."

அவள் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன இரும்புச் சாவி கட்டியிருப்பாள். தன் அம்மா வீட்டுப் பெட்டிச் சாவி, கழற்றக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார் என்பாள். பெட்டிக்குள் என்ன புதையல் என்று நான் பலமுறை கேலி செய்திருக்கிறேன். ஸ்கேன் எடுக்கும் பெண்ணும் அங்கே வந்து, அந்தச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "எத்தன வருஷமாம்மா வலிப்பு வருது?"

பூங்கொடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அஞ்சாவது படிக்கறப்பலேர்ந்துங்க. இரும்பு ஒடம்புல பட்டுக்கிட்டே இருந்தா வராதுன்னு எங்கம்மா கட்டி வுட்டாங்க. அவருக்குத் தெரியாதுங்க. சொல்லிடாதீங்க."

நான் திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய தாலியையும் மெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதை நானும் பஸ் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். வருவதற்கு முன்பே வருஷக்கணக்காகக் கட்டிவைப்பார்கள் என்று தெரியாது.

ஸ்கேன் இருபத்தைந்து நிமிடம். அறைக்கு வெளியே வரை சத்தம் கேட்கும், போர் போடும் வண்டி மாதிரி. காதுக்குப் பஞ்சு தருகிறார்கள். அவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நான் நகைகளைக் கொடுத்தேன்.

ஒரு மணிக்கு டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்த பெண் சாவி விஷயத்தை அவருக்கு எழுதி அனுப்பியிருந்தார். கோடுகளும் சரி, படமும் சரி, ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை. "அப்ப வலிப்பு இல்லைன்னு எழுதித் தருவீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஊரு எது?"

"பெரம்பலூர் சார். இவங்க செந்துறை."

"அரியலூர் ரோட்டுல சுண்ணாம்புக்கல் லாரி ஓடுதுல்ல. நீங்க அரைமணி நேரம் ரோட்டோரம் நின்னீங்க, ஒரு லாரியும் வரல. அதனால அந்த ரோட்டுல லாரியே ஓடாதுன்னு எழுதித் தருவீங்களா?" என்றார். "மிஷின் ரெண்டும் ஒண்ணும் சொல்லல. அந்தச் சாவிதான் சொல்லிச்சு. மாத்திரை எழுதறேன். இன்னைக்கு ராத்திரியே ஆரம்பிக்கணும். மூணு வருஷம் விடாம சாப்பிட்டா எல்லாரையும் போல இருக்கலாம். புள்ள பெத்துக்கலாம். அடுப்பு, கெணறு பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்குத் தனியா விடாதீங்க."

அவர் சொன்னதில் நல்ல செய்தி எவ்வளவு இருந்தது என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அப்போது என் காதில் ஏறியது ஒன்றுதான். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இவள் அம்மா காபி கொடுத்துச் சிரித்தது, பத்துப் பொருத்தமும் இருக்கிறது என்றது, எல்லாம் என்னை ஏமாளியாக்க என்பதுதான். மருந்துக் கடை டாக்டர் அறைக்கு நேர் கீழே இருந்தது. நான் அதைத் தாண்டி நடந்தேன். மருந்துச் சீட்டு ஸ்கேன் ஃபிலிம் போட்ட பெரிய உறைக்குள் இருந்தது. உறை என் கையில் இருந்தது.

திரும்பும்போது ரயில். திருச்சி ஜங்ஷனில் இரண்டு நாற்பத்தைந்துக்குப் பாசஞ்சர், அரியலூருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். காவிரி, கொள்ளிடம் இரண்டும் வரும். லால்குடிவரை பச்சை, அதற்குப் பிறகு வெயில் காய்ந்த மண். டால்மியாபுரத்தில் எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசு. நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு தடவை "ஏங்க" என்றாள். நான் திரும்பவில்லை. நாலரைக்கு அரியலூர், அங்கிருந்து ஆறு ரூபாயில் செந்துறை பஸ். ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் பெரம்பலூர் வருவதாகத்தான் திட்டம். ஐந்தரைக்கு அவள் அம்மா வீட்டு வாசலில் அவளை விட்டேன். மாமியார் "வாங்க மாப்ள, காபி போடறேன்" என்றார். நான் வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். ஒன்றே முக்கால் மணியிலிருந்து ஐந்தரை மணிவரை அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் திட்டித்தான் இருப்பேன். அதுகூட நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் உறையைக் காட்டினேன். அம்மா ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாஞ் சொன்னன்ல" என்றார். உறையை பீரோ மேல் வைத்தேன்.

ஒன்பதாவது நாள் காலை பூங்கொடி சோறு வடிக்கும்போது வலிப்பு வந்தது. மாமியார் கொல்லையில் இருந்திருக்கிறார். கொதிக்கிற கஞ்சி வலது கையில் முழங்கை வரை ஊற்றிவிட்டது. அரியலூர் பெரியாஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்தாள். தகவல் வந்து நானும் போனேன். மாத்திரை ஏன் சாப்பிடவில்லை என்று அங்கே டாக்டர் கேட்டபோது, மாமியார் என்னைப் பார்த்து, "சீட்டு மாப்ளகிட்டங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் பொய் சொல்லிக் கட்டிக்கொடுத்தார் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அந்தக் கையைச் சுட்டது அந்தப் பொய் இல்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். அதன் பிறகு ஒரு தடவையும் வலிப்பு வரவில்லை. வலது கை விரல்கள் முழுசாக மடங்குவதில்லை. செந்துறையிலேயே இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் தம்பி திருச்சிக்குக் கூட்டிப்போகிறான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எண்ணெய் வைக்காதீர்கள். ஊக்கு, அரைஞாண், தாயத்து, எதுவானாலும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். படிவத்தை நோயாளியைக் கேட்டு நிரப்புங்கள், முடிந்தால் அவரே தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். ரிப்போர்ட் சரியாக இருக்கிறது என்றால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. என்ன நடந்தது என்று டாக்டரிடம் சொல்வதுதான் பெரிய சோதனை, அதற்குக் கட்டணம் கிடையாது. ஃபிலிமை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். மருந்துச் சீட்டை நோயாளியின் கையில் கொடுத்துவிடுங்கள்.

போன மாதம் செந்துறைக்குப் போய், அடுத்த முறை திருச்சிக்கு நான் கூட்டிப்போகிறேன் என்று கேட்டேன். பூங்கொடி என்னை உட்காரச் சொன்னாள், இடது கையால் தண்ணீர் கொடுத்தாள்.

"வேணாங்க. வலிப்பு வந்தா எனக்குத் தெரியவே தெரியாது, எந்திரிச்சப்புறம் யாராச்சும் சொன்னாத்தான் தெரியும். அன்னைக்கு ரயில்ல நீங்க பக்கத்துல உக்காந்து வந்தது முழுசும் தெரிஞ்சுச்சு. அது இன்னொரு வாட்டி வேணாம்" என்றாள்.

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.