பல்கேரியா ஒயினும் பரங்கிப்பேட்டை நெத்திலியும்

ஊரெல்லாம் ஒயின் ஷாப் என்கிறோமே, அங்கே போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். பாரில் தட்டு தூக்கிய சகோதரர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

2008-இல் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் பாரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் குடிப்பார்கள் என்று முதலாளி பல்கேரியாவிலிருந்து வந்த வெள்ளை ஒயின் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். கருங்கடல் ஓரத்தில் விளையும் டிம்யாட் என்ற திராட்சையாம். வந்த வெள்ளைக்காரர்களோ பீர் கேட்டார்கள். எனக்கு வீடு கடலூர் செம்மண்டலத்தில். நான் வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள், எழுந்திருக்கும்போது பள்ளிக்கூடம் போயிருப்பாள். முதலாளி கடலூரில் புது பார் திறக்கப்போவதாகத் தெரிந்ததும் மாற்றல் கேட்டேன். அவர் சொன்னார்: “மொதல்ல இந்தப் பெட்டிய காலி பண்ணு. அப்புறம் கடலூர் போ.”

செவப்பு எங்கே?

முதல் போணி ஒரு சிமெண்ட் கடைக்காரர். கிளாஸை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெளிறிய மஞ்சள். வாயிலேயே வைக்கவில்லை.

“ஒயின்னா செவப்பா இருக்கணும். கழுவுன தண்ணிய ஊத்திக் குடுத்துட்டு யார ஏமாத்துற?”

ஒரே மடக்கு

நம் ஆட்களுக்குச் சப்பிக் குடிக்கும் பழக்கம் ஏது? லாரி வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் கிளாஸை ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். “ஏறுதாண்ணே?” என்றேன்.

“ஏர்றது இருக்கட்டும் மச்சான், பல்லு கூசுது. எலுமிச்சங்கா சோடான்னு குடுத்திருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.”

உப்பா, சர்க்கரையா?

அவர் திட்டியதே எனக்கு வழி காட்டியது. பாருக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது சைட் டிஷ்தான். பரங்கிப்பேட்டை நெத்திலியை மொறுமொறுவென்று வறுக்கச் சொன்னேன். ஒயினில் சோடா ஊற்றி, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, நெத்திலிக்குத் துணையாக நீட்டினேன். வாங்கிக் குடித்த ஒரு வாத்தியார் மறுநாள் இரண்டு நண்பர்களோடு வந்து நின்றார்.

“ரெண்டு பிளேட் நெத்திலி ஜாஸ்தியாவே எறங்கிடுச்சுப்பா. வாயில வாசனயே இல்ல, எங்க வீட்ல அவுங்க சோடான்னே நம்பிட்டாங்க!”

அப்புறம் என்ன, பாட்டில்கள் பறந்தன.

சொந்த ஊர்க்காரி

கடைசி பாட்டில் மிஞ்சியிருந்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். லேபிளைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. பல்கேரியாக்காரியாம். நானோ கைப்பழக்கத்தில் உப்பைப் போட்டுவிட்டேன். கிளாஸை ஒரு நிமிஷம் பார்த்தார், என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நெத்திலியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்:

“எங்க ஊரில் இப்படிச் செய்தால் உன்னைக் கடலில் தள்ளிவிடுவார்கள். இன்னொன்று கலக்கு.”

காலிப் பெட்டி

வெறும் பெட்டியை முதலாளி மேஜை மேல் வைத்தேன். மகளைப் பள்ளிக்கூட வாசலுக்கே போய்க் கூட்டிவரலாம் என்று நெஞ்சு துள்ளியது. முதலாளிக்கு என்னைவிடச் சந்தோஷம்.

“சொன்னா சொன்னதுதான், நாளைக்கே கடலூர் போ. போவும்போது வண்டியில அஞ்சு பெட்டி பல்கேரியா ஏத்தியிருக்கேன், அதையும் எறக்கிக்க.”

திறமையைக் காட்டினால் கேட்ட ஊருக்கு மாற்றல் கிடைக்கும், ஆனால் காட்டிய திறமையும் அதே வண்டியில் ஏறி வந்துவிடும்.