போனில் நான் சொன்ன பொய்

சபையாரே, போன ஈஸ்டர் அன்று இதே இடத்தில் நின்று நான் சொன்ன சாட்சியில் பாதி பொய். அதைத் திருத்தத்தான் எழுந்து நிற்கிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட இந்த நாட்டுப் பூர்வகுடியான எட்டு வயது மாவோரிச் சிறுமி ஒருத்தியை, தகனினியில் உள்ள எங்கள் வீட்டில் வளர்க்க அரசாங்கம் தந்தது. மெரே என்ற அவள் பெயரை மாற்றி, மிரியாம் என்று கூப்பிட்டேன். "கர்த்தர் எனக்கு மகளைக் கொடுத்தார்" என்று சொன்னேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

சொல்லாமல் விட்டது இது. ரயிலில் சில நிலையங்கள் தள்ளி ஒடாஹுஹுவில் இருக்கும் அவளுடைய பெரியம்மா ஞாயிறுதோறும் போன் செய்வார். "பிள்ளை தூங்குது" என்பேன். பிள்ளை என் பக்கத்திலேயே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விசாரிக்க வந்த அதிகாரியிடமும், சொந்தக்காரர் யாரும் தேடவில்லை என்று வாய் கூசாமல் சொன்னேன். போதாததற்கு, அவள் என்னைவிட்டுப் போகக் கூடாதென்று மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு.

மூன்றாம் வெள்ளி மாலை, ஜெபக்குழுச் சகோதரிகள் எங்கள் வீட்டில் கூடினோம். நம் ஜெபம்தான் தெரியுமே, முக்கால் மணி நேரம் யாரும் கண் திறக்கவில்லை. திறந்தபோது பிள்ளையைக் காணோம்.

கணவர் காரோட்ட, தெருத்தெருவாகத் தேடினோம். "ஆண்டவரே, அவளை உயிரோடு காட்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்று அழுதேன். அப்போது பெரியம்மாவின் போன் வந்தது.

"பயப்படாதீங்க. தனியா ரயிலேறி இங்க வந்துட்டா. சாப்பிட்டுட்டு இருக்கா."

என்னைத் திட்டாமல் தேற்றினார். அதுதான் என்னைக் கொன்றது.

அங்கே போனபோது மெரே அவர் பின்னால் ஒளிந்துகொண்டாள். "ஆன்ட்டி, நான் தூங்கவே இல்லன்னு பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம்.

திங்களன்று அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இனி எங்களுக்குப் பிள்ளை தரமாட்டார்களாம். நியாயம்தான். பெரியம்மா வீட்டைப் பார்த்து விசாரித்து, இரண்டு மாதத்தில் மெரேயை அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

என் ஜெபக்கூட்டத்தில் அவளும் கண்மூடி, வீட்டுக்குப் போக வேண்டுமென்று கேட்டிருக்கிறாள். பிறகு அவளே சொன்னாள். கர்த்தர் அவளுக்குத்தான் செவிகொடுத்தார். அவருக்கு நன்றி. அழுதுகொண்டுதான் சொல்லுகிறேன்.

இப்போது முழங்கால் போடுமுன், யாரிடம் பொய் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால், கர்த்தரை நம்பி முதலில் அந்த மனிதரிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். கர்த்தர் வெட்கப்படுத்துவார். ஆனால் கைவிடமாட்டார்.