ஏழாவது படகு

என் தாய்மாமன், மாமல்லபுரம் கடற்கரையில் நடந்த படப்பிடிப்புகள் பலவற்றில் கூட்டத்தில் ஒருவராக நின்றிருக்கிறார். எந்தப் படத்திலும் அவர் முகம் தெரிந்ததில்லை. இருந்தும், நெம்மேலிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் நடிப்பு அறிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு எங்களைப் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் கற்றிருந்த முதல் விதி, கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது. பள்ளியில் கேமரா இல்லாததால், பார்வையாளர் அமரும் பக்கம் பார்க்கக் கூடாது என்று அதைத் திருத்திக்கொண்டார். சவுக்குத் தோப்பில் ஒத்திகை பார்க்க வந்த தலைமையாசிரியை, பதினொரு பிள்ளைகளின் முதுகுகளையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "முகத்த எப்பங்க காட்டுவாங்க?" என்றார்.

எனக்கு, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவனின் மனைவி வேடம். கரையில் நின்று அழ வேண்டும். படகுகள் கடலில் இருக்கையில் எங்கள் குப்பத்தில் எவரும் கரையில் நின்று அழுவதில்லை. விழாவன்று மாலை அப்பாவின் படகு கடலில் இருக்கும். நான் அழுது அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பயந்து பயந்து நான் விசும்பியதைக் கேட்டு, அம்மா மீன் கூடையோடு தோப்புக்குள் வந்துவிட்டாள்.

"டேய், ஆம்பளைங்க கடல்ல கீறாங்கோ. கரையில இன்னாடா அழுகை?"

"நடிப்புதான்க்கா."

"நடிப்புன்னு கடலுக்குத் தெரியுமா?"

மாமா அன்றைய ஒத்திகையை அதோடு முடித்துக்கொண்டார். மறுநாள் என்னை மட்டும் கடலைப் பார்த்து நிறுத்தினார்.

"நீ அழாத பாப்பா. படகை எண்ணு, போதும். ஏழு போச்சு. ஒண்ணொண்ணா வந்துகினு கீது. ஆறு வரைக்கும் எண்ணிட்டு நில்லு. 'ஏழு' வாயிலயே ரெடியா இருக்கட்டும். சொல்லிடாத."

"மூஞ்சிய எப்பிடி மாமா வெச்சிக்கணும்?"

"அந்த நேரத்துல மூஞ்சி நெனப்பே வராது."

விழாவில் அப்படியே செய்தேன். ஆறு என்று சொல்லி நின்றேன். எனக்குக் கண் கலங்கவில்லை. ஆனால் கீழே அமர்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் நடித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நாடகம் முடிந்து தேடிப் போனபோது, பள்ளிச் சுவர் ஓரமாக மாமாவின் தோளில் முகம் புதைத்து நின்றிருந்தாள். "வுடுக்கா, வுடு" என்று அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார் மாமா.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "இத எந்த ஷூட்டிங்ல மாமா கத்துகின?"

"அது ரொம்பப் பழசு பாப்பா. அப்ப உங்கம்மாவும் பக்கத்துல இருந்துச்சி."

மறுநாள் காலை அப்பாவின் படகு கரையேறியதைக் கண்ணால் பார்த்த பிறகே பள்ளிக்குப் போனேன். அம்மாவின் அப்பா கடலோடு போனவர் என்பது எனக்குத் தெரியும். அன்று கரையில் நின்று படகுகளை எண்ணிய இரண்டு பிள்ளைகள் யார் என்பது அப்போது தெரியாது. ஆகவே, எங்கள் அம்மாவும் மாமாவோடு ஒரு படத்தில் நடித்திருக்கிறாள் என்று வகுப்பு முழுவதும் பெருமையோடு சொல்லித் திரிந்தேன்.