கோணாமலையின் காரும் சிவப்பு முக்கோணமும்

சுனாமி, பெரியகல்லாற்றுக் கரையில் நின்ற கோணாமலையின் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னையின் உச்சியில் செருகிவிட்டது. தேங்காய் பறிக்க ஏறியவன் அதில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் இறங்கினானாம்; நம்பாதவர்கள் நம்பவேண்டாம். பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, வான் வண்டி ஓட்டினார். சண்டை ஓய்ந்து பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பியபோது, ஹோட்டல் ஆட்களை ஏற்றியிறக்க மச்சானோடு பங்குபோட்டு ஒரு ஹைபிரிட் கார் எடுத்தார். பாதி பெற்றோல், பாதி மின்சாரம். பாலத்தில் நிற்கும் நாரை, கார் தன் வாலை உரசிய பிறகுதான் திரும்பிப் பார்க்கும், அவ்வளவு அமைதி.

ஆனால் அடிக்கடி ஒரு சிவப்பு முக்கோணம் எரியும், கார் நொண்டும். காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் உசனார், கொம்பியூட்டரைக் கொழுவி, முன்பக்கத்து வயர்களைத் துடைத்து, விளக்கை அணைத்துவிடுவார். கொஞ்சநாளில் அது திரும்பவும் எரியும். கண்ணூறு என்று மனைவி அன்னப்பூரணி தேசிக்காய் கட்டினாள். முக்கோணம் எலுமிச்சைக்கும் அசையவில்லை.

கடைசியில் ஹோட்டல் மனேஜர் சொல்லிவிட்டார்: "நாளைக்கு எயார்போட்டுக்கு ஆக்களை ஏத்தணும். இடையில நிண்டா, இனி உம்மைக் கூப்பிடமாட்டன்."

கோணாமலை பரட்டைத் தலையோடு பதறிக்கொண்டு உசனாரிடம் போனார். பதற்றத்திலும் ஒரு சட்டி எருமைத்தயிரைப் பின்சீற்றில் வைக்க மறக்கவில்லை. யாரிடமானாலும் வெறுங்கையோடு போவது, அவருக்கு உடுப்பில்லாமல் போவது மாதிரி.

"நீங்க ஓட்டுங்கண்ணன். நான் பின்னால இரிக்கன். எரியக்குள்ள கையோட பிடிப்பம்" என்று உசனார் சட்டிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

ஒரு பள்ளத்தில் கார் குதித்தது. முக்கோணம் எரிந்தது. உசனார் கதவைத் திறந்து பாய்ந்தார். உடுத்திருந்த சாரத்தின் பின்பக்கம் நனைந்திருந்தது.

"என்ன தம்பி, வெளிச்சத்தைக் கண்டு பயந்திட்டீங்களோ?"

"சும்மா இரிங்கண்ணன்! மணந்து பாருங்க, தயிர்த் தண்ணி!"

சீற்றைக் கழற்றினார்கள். அடியில் பெரிய பற்றரி; அதன் வயர் பொருந்தும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு. இத்தனை நாளும் ஒருவரும் அங்கே பார்க்கவில்லை.

"நான் சுகமாக்க, நீங்க தயிர் கொண்டந்து கொண்டந்து நோயாக்கியிரிக்கீங்க!"

"திண்டது நீங்கதானே?"

"அதும் உண்மதான்" என்றார் உசனார்.

மின்சாரத்தைத் துண்டித்து, களிம்பைச் சுரண்டி, காயவைத்து, மேலே தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போட்டுக் கொடுத்தார். அன்று கூலி வாங்க அவருக்கு வெட்கமாக இருந்தது, வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பயணம் முழுக்கக் கோணாமலைக்கு ஒரு கண் ரோட்டில், மறுகண் விளக்கில். அது எரியவேயில்லை. ஆட்களை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"புள்ள, மனேஜர் வெள்ளிக்கிழமையும் வரட்டாம்!"

"அப்ப வியாழக்கிழமையே அந்தப் பரட்டத் தலமுடிய வெட்டுங்க" என்றாள் அன்னப்பூரணி. "வெள்ளக்காரன் பயந்திரப்போறான்."