கேட்கிற பக்கம்

கண்ணாயிரத்துக்கு உடன்பிறப்பு என்று இருப்பது ஒரே அக்கா, ரேணுகா. புதுப்பட்டினத்தில் துரைக்கு வாழ்க்கைப்பட்டவள். துரை வேறு யாருமில்லை, அவர்கள் அம்மாவின் சொந்த அண்ணன் மகன்தான். அவ்வளவு நெருங்கின ரத்தம். அப்படியிருந்தும் அக்கா வீட்டு வாசலைத் தம்பி மிதித்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது.

அக்கா மகள் கீர்த்தனா பெரியவளானபோது நடந்தது அது. தாய்மாமனை அழைக்க ரேணுகாவும் துரையும் வெற்றிலை பாக்குத் தட்டோடு, திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்து ஊரிலிருக்கும் இவன் வீட்டுக்கு வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. இவன் கம்பெனியில், மனைவி சுஜாதா அவள் அம்மா வீட்டில். வெயிலில் வெகுநேரம் நின்று பார்த்தார்கள். பிறகு பத்திரிகையை வாசல் கம்பியில் செருகிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

“கரண்ட் பில்லு மாரி சொருவிட்டுப் போயிருக்கா. மாமனக் கூப்புடற லட்சணமா இது? மறுபடி வந்து தட்டு வெச்சிக் கூப்புடட்டும், போறேன்” என்றான் கண்ணாயிரம்.

“நாங்க வந்தோம். பூட்டிக்கினு போனது அவன். இன்னாக்கா ஆச்சின்னு அவன் வந்து கேக்கட்டும்” என்றாளாம் ரேணுகா.

அவளும் வரவில்லை, இவனும் போகவில்லை. பெரியப்பா மகன் சீனு மாமன் முறைக்கு நின்று மாலை போட்டான்.

இப்போது கீர்த்தனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சீனுதான் பஸ்ஸில் பார்த்துச் சொன்னான். பெண்ணைப் பெற்றவள் முதல் பத்திரிகையைத் தன் தாய்வீட்டுக்குத்தான் வைக்க வேண்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்தபின் ரேணுகாவுக்குத் தாய்வீடு என்றால் கண்ணாயிரம் வீடுதான். சேதி கேட்டதிலிருந்து லீவு நாளென்றால் அவன் வெளியே கிளம்புவதில்லை. சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பான். தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் எழுந்து நிற்பான்.

“யோவ், கதவ மூடு. உங்க அக்கா வரல, கொசுதான் வருது” என்பாள் சுஜாதா.

செங்கல்பட்டுப் பக்கம் கண்டக்டர்களுக்கு டிக்கெட் மிஷின் செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. பழைய மிஷின்களில் இருக்கும் யு.எஸ்.பி. சிப்பு கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். அதுவும் கம்ப்யூட்டர் கேட்டால்தான். கேட்காவிட்டால் கல்லுப்பிள்ளையார். இப்போது பென்டிரைவையும் மிஷினே படிக்க வேண்டுமாம். அதனால் கேட்கவும் தெரிந்து, பதில் சொல்லவும் தெரிந்த புதுச் சிப்பு வந்திருந்தது. சூடான காற்றை ஊதிப் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை உட்கார வைப்பது அவன் வேலை.

ஒருநாள் மாற்றி முடித்த இரண்டு மிஷின்களைச் சோதித்துப் பார்க்க ஒன்றோடொன்று ஒயர் போட்டு வைத்தான். இரண்டும் பேச்சுமூச்சில்லை.

“சிப்பு செத்துடுச்சி போலக்கீதும்மா” என்றான் இன்ஜினியர் மானசாவிடம்.

அவள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். “ரெண்டும் நல்லாத்தான் இருக்குண்ணா. ஒரு ஒயரை கிரவுண்டு ஒயரோட சேக்கணும், எந்தப் பக்கம் சேக்கறீங்களோ அதுதான் கேக்கற பக்கம். நீங்க ரெண்டுலயும் விட்டுட்டீங்க. மத்தது கேக்கும், நாம பதில் சொல்லலாம்னு ரெண்டும் காத்துட்டிருக்கு.”

“எவ்ளோ நேரம் காத்துகினு இருக்கும்?”

“சார்ஜ் தீர்ற வரைக்கும்.”

ஒயரைச் சேர்த்தாள். ஒரு மிஷின் கேட்டது, மற்றது உடனே சொல்லிற்று. “கேக்கற பக்கம்தான் கரண்டும் குடுக்கணும், அதைப் பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாயிரம் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப் பூ எல்லாம் தட்டில் வைத்துத் துண்டால் மூடினான்.

“பொண்ணு வூட்டுக்காரங்க தட்டு எடுத்துகினு வருவாங்க. மாமங்காரன் நீ எடுத்துகினு போறியே, ஊரு சிரிக்காது?” என்றாள் சுஜாதா.

“சிரிச்சிட்டுப் போவட்டும். நீ பஸ்ஸுக்குச் சில்லற இருந்தா குடு.”

புதுப்பட்டினத்தில் அக்கா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் கையில் வாளி அப்படியே நின்றது.

“இன்னாடா, தலையெல்லாம் நரச்சிப்போச்சி?”

பஸ்ஸில் மனப்பாடம் பண்ணி வந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. தட்டை நீட்டினான். “எங்க வூட்டுக்கு வாக்கா. வந்து எங்களக் கல்யாணத்துக்குக் கூப்புடு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தட்டை வாங்கவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து துரை குரல் வந்தது. “யாருடி அது? மச்சானா? அவன வெளியிலயே நிக்க வெச்சிப் பேசிகினு கீறே!”

அப்போதுதான் தட்டு கை மாறியது.

உள்ளே கூடத்தில், கீர்த்தனா பெரியவளான அன்று எடுத்த படம் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சீனு மாலை போடுகிறான். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். பெண் மட்டும் வேறெங்கோ பார்க்கிறாள். கண்ணாயிரம் அதன் முன்னால் நின்றுவிட்டான்.

தண்ணீர்ச் சொம்போடு பின்னால் வந்து நின்றவள் அவனைவிட ஒரு பிடி உயரமாக இருந்தாள். மாமன் பார்வை போன இடத்தைக் கீர்த்தனாவும் பார்த்தாள்.

“போட்டோகாரரு இங்கப் பாரு, இங்கப் பாருன்னு கத்திகினே இருந்தாரு மாமா. நான் வாசலயே பாத்துகினு இருந்தேன்.”

சொம்பை வாங்கினான். குடிக்காமல் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.